குவியல் தானே தீப்பற்றுமா? மூன்று கூடைகளில் சோதித்துக் கணக்கிடும் முறை

தூளாகவோ நாராகவோ குவித்து வைக்கும் ஒரு பொருளைக் காட்டி, "இது எந்த வெப்பநிலையில் தீப்பற்றும்?" என்று கேட்டால், "எவ்வளவு பெரிய குவியல்?" என்று திருப்பிக் கேட்பதே சரி. மரத்தூள், கரித்தூள், நிலக்கரி, எண்ணெய் ஊறிய துணி எதற்குமே ஒற்றைத் தீப்பற்று வெப்பநிலை கிடையாது. கைப்பிடி அளவில் 180 டிகிரியிலும் சும்மா கிடக்கும் பொருள், ஒரு கிடங்கை நிறைக்கும்போது அதைவிட நூறு டிகிரிக்கும் கீழே தானே கனன்றுவிடும்.

காரணம் எளிது. பொருள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து வெப்பம் விடுகிறது. வெப்பநிலை ஏற ஏற அந்த வெப்பம் அடுக்கடுக்காகப் பெருகுகிறது. வெளியேறும் வெப்பமோ நேர்விகிதத்தில்தான் கூடுகிறது. இரண்டையும் வெப்பநிலைக்கு எதிராக வரைந்தால், அந்தக் கோடுகள் வெட்டிக்கொள்ளும் வரை குவியல் சற்றே சூடாகி நின்றுவிடும். வெட்டாமல் விலகிவிட்டால் நிறுத்த எதுவும் இல்லை. சோவியத் வேதியியலாளர் செமியோனவ் 1928இல் இதைத்தான் கணக்காக்கினார். உள்ளே எங்கும் ஒரே வெப்பநிலை என்பது அவர் எடுத்துக்கொண்ட எளிமை. தூள் குவியலில் அது நடக்காது. நடு சூடாக இருக்கும், ஓரம் ஆறியிருக்கும். சோவியத் இயற்பியலாளர் பிராங்க்-கமெனெட்ஸ்கி 1939இல் வெப்பக் கடத்தலையும் சேர்த்துக்கொண்டு, டெல்டா என்ற ஒரே எண்ணில் முழுப் பிரச்சினையையும் அடக்கினார். அந்த எண் ஒரு மாறுநிலை மதிப்பைத் தாண்டினால் தீ. பரந்த தட்டையான அடுக்குக்கு அது 0.878, நீண்ட உருளைக்கு 2.00, கனசதுரத்துக்கு 2.52, கோளத்துக்கு 3.32.

டெல்டாவில் குவியலின் அளவு வர்க்கமாக வருகிறது. அதனால் சிறு கூடையில் அளந்ததைப் பெரிய கிடங்குக்கு நீட்டலாம்.

எச்சரிக்கை: கரிமப் பெராக்சைடு, வெடிபொருள், தானே சிதையும் வேதிப்பொருள் எதையும் இந்த முறையில் அடுப்பில் வைக்கக் கூடாது. இது காற்றில் மெல்ல ஆக்சிஜனேற்றம் அடையும் திடப்பொருளுக்கு மட்டும்.

சோதனை

துருப்பிடிக்காத எஃகு வலையால் 50, 75, 100 மி.மீ. பக்கமுள்ள மூன்று கனசதுரக் கூடைகள் வேண்டும், மேல்பக்கம் திறந்திருக்கட்டும். வலைக்கண் தூள் சிந்தாத அளவுக்கு நுண்மையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கூடைக்கும் சற்றுப் பெரிய இன்னொரு வலைக்கூடை உறையாக வேண்டும். பலர் இந்த உறையைத் தேவையற்றதென்று விட்டுவிடுகிறார்கள். விசிறிக்காற்று தூளுக்குள் நேராகப் புகுந்தால் அளப்பது கடத்தலை அல்ல, காற்றோட்டத்தை. முடிவு நாளுக்கு நாள் மாறும்.

அடுப்பு விசிறி உள்ளதாகவும், வெப்பநிலையை ஒன்றிரண்டு டிகிரிக்குள் நாள் முழுக்கப் பிடித்து வைப்பதாகவும் இருக்க வேண்டும். கனலும் தூள் கார்பன் மோனாக்சைடு விடும். ஆகவே அடுப்பு புகைபோக்கியின் கீழேதான் இருக்க வேண்டும். 1 மி.மீ. தடிமனோ அதற்குக் குறைவோ உள்ள தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் கம்பி) இரண்டு எடுங்கள்: ஒன்று கூடையின் சரிநடுவில், மற்றது கூடைக்கு வெளியே அடுப்புக் காற்றில். தடித்த கம்பி நடுவிலிருந்து வெப்பத்தைக் கடத்திவிடும், 50 மி.மீ. கூடையில் அந்தப் பிழை நன்றாகவே தெரியும்.

தூளைக் கூடையில் இட்டு லேசாகத் தட்டி, மட்டமாக வழித்து, எடை பாருங்கள். எல்லா ஓட்டத்திலும் ஒரே அடர்த்தி வர வேண்டும். அடுப்பு முன்பே சூடாகி நிலைத்திருக்க வேண்டும். கூடையை வைத்துக் கதவை மூடி, நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யுங்கள். 100 மி.மீ. கூடைக்கு 24 மணி நேரம் ஒதுக்குங்கள். அவசரப்பட்டு எடுத்தால் தாமதமாகப் பற்றுவது கண்ணில் படாமல் போகும்.

வரைகோட்டைப் பாருங்கள். ஈரமுள்ள தூளில் நடுவெப்பநிலை 100 டிகிரிக்குச் சற்றுக் கீழே நெடுநேரம் தயங்கி நிற்கும், நீர் ஆவியாகிறது. அதன்பின் ஏறி அடுப்பு வெப்பநிலையைத் தொடும். தொட்டுத் தாண்டி, மெல்ல வளைந்து, அடுப்பைவிட 25–30 டிகிரி மேலே போவதற்குள் உச்சம் கண்டு இறங்கினால் பற்றவில்லை என்று பொருள். வளைவு நிமிர்ந்து செங்குத்தாகி, அடுப்பைவிட 60 டிகிரிக்கும் மேலே ஓடினால் பற்றிவிட்டது. இரண்டுக்கும் இடைப்பட்ட நிலை அரிது. பற்றியதும் கதவைத் திறக்காதீர்கள். புதுக்காற்று பட்டால் கனல் சுவாலையாகும். சூடேற்றியை அணைத்து ஆறவிட்டு, பிறகு மூடியுள்ள உலோக வாளிக்கு மாற்றுங்கள்.

பற்றினால் அடுத்த ஓட்டத்தில் 10 டிகிரி குறையுங்கள், பற்றாவிட்டால் கூட்டுங்கள். பற்றியதற்கும் பற்றாததற்கும் இடைவெளி 2 டிகிரிக்கு வரும்வரை நெருக்கி, நடுப்புள்ளியை அந்தக் கூடையின் மாறுநிலை வெப்பநிலையாக எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுத் தூள் வேண்டும். ஒருமுறை சூடான தூள் பாதி வினை முடித்துவிட்டிருக்கும், அதை மீண்டும் வைத்தால் பொருள் நல்லது போலத் தோன்றும்.

கணக்கு

மூன்று கூடைகளின் மாறுநிலை 185, 170, 160 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கெல்வினில் 458, 443, 433. கூடையின் அரைப்பக்கம் 25, 37.5, 50 மி.மீ. ஒவ்வொன்றுக்கும் 2.52ஐ வெப்பநிலையின் வர்க்கத்தால் பெருக்கி, அரைப்பக்கத்தின் வர்க்கத்தால் வகுத்து, இயல்மடக்கை எடுங்கள்: 6.74, 5.86, 5.24. இவற்றைக் கெல்வின் வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வரும். சரிவு 11,900, வாயு மாறிலி 8.314ஆல் பெருக்கினால் கிளர்வு ஆற்றல் மோலுக்கு 99 கிலோஜூல். வெட்டுத்துண்டு 32.72.

இனி எந்த வெப்பநிலைக்கும் அளவு சொல்லலாம். வெட்டுத்துண்டிலிருந்து 11,900 ÷ வெப்பநிலை என்பதைக் கழித்து, எதிர்மடக்கை எடுங்கள். அந்த வடிவத்தின் மாறுநிலை டெல்டா × வெப்பநிலையின் வர்க்கம் என்பதை அதனால் வகுத்தால் அரையளவின் வர்க்கம். சுற்றுக்காற்று 40 டிகிரி என்றால் 14 மீட்டர் பக்கமுள்ள கனசதுரம்தான் எல்லை. 60 டிகிரியில் 4.8 மீட்டர், 80 டிகிரியில் 1.8 மீட்டர். தட்டையாகப் பரப்பி இரு முகங்களும் காற்றில் ஆறினால் 60 டிகிரியில் 2.8 மீட்டர் உயரம்வரை. அடிப்பக்கம் ஆறாத தரையென்றால் அதில் பாதிதான்.

இந்த 14 மீட்டரை நம்பிக் குவிக்க வேண்டாம். 50 மி.மீ. கூடையை 2 டிகிரி கூட்டியும் 100 மி.மீ. கூடையை 2 டிகிரி குறைத்தும் அளந்துவிட்டோம் என்று வைத்துத் திரும்பக் கணக்கிட்டால், 40 டிகிரியில் கிடைப்பது 6.8 மீட்டர். நான்கே டிகிரி பிழையில் குவியல் பாதியாகிறது. அளந்த இடத்திலிருந்து நூறு டிகிரிக்கும் அதிகமாகக் கோட்டை நீட்டுவதன் விலை இது. முடிந்தால் 150 மி.மீ. கூடை ஒன்றையும் சேருங்கள். கிடங்குக்கு ஒரு புள்ளி அருகில் வந்தாலே கோடு உறுதிப்படும்.

சூடாகவே குவிப்பது

கிடங்குத் தீக்களில் பல வெளிவெப்பத்தால் வருவதில்லை, உலர்த்தியிலிருந்து வந்த சூட்டோடு குவிப்பதால் வருகின்றன. பெரிய குவியல் ஆற எடுக்கும் காலம் அரையளவின் வர்க்கத்தை வெப்பப் பரவுதிறனால் (பொருளுக்குள் வெப்பம் பரவும் வேகத்தின் அளவு) வகுத்ததற்குச் சமம். பரவுதிறன் நொடிக்கு 0.1 சதுர மி.மீ. என்று கொண்டால், 100 மி.மீ. கூடைக்கு 7 மணி நேரம். அரையளவு 1 மீட்டரானால் 116 நாள். நடுப்பகுதி அதுவரை ஆறப்போவதில்லை.

வெப்பம் வெளியேறாவிட்டால் எவ்வளவு நாளில் பற்றும் என்பதும் அதே கோட்டிலிருந்து வரும்: வெப்பநிலையின் வர்க்கத்தை மேலே கண்ட எதிர்மடக்கையாலும், பிறகு பரவுதிறனாலும் வகுங்கள். நம் எடுத்துக்காட்டில் 80 டிகிரியில் குவித்தால் 39 நாள், 100 டிகிரியில் 7 நாள், 120 டிகிரியில் 37 மணி நேரம். ஆறும் 116 நாளோடு ஒப்பிட்டால் மூன்றுமே தோற்கின்றன. ஆகவே குவிப்பதற்கு முன் ஆறவைப்பதுதான் முதல் வேலை, குவியலைச் சிறிதாக்குவது இரண்டாவது.

கோடு பொய்க்கும் இடங்கள்

புள்ளிகள் நேர்கோட்டில் நிற்காமல் வளைந்தால், இரு வினைகள் கலந்திருக்கின்றன என்று பொருள், நீட்டாதீர்கள். ஈரப் புல், தொழுவுரம், குப்பை போன்றவற்றில் நுண்ணுயிர்களே 70 டிகிரி வரை சூடேற்றிவிடும். அடுப்பில் 150 டிகிரியில் அவை செத்துப்போகின்றன, அந்த வெப்பம் கணக்கில் வராது. உலர்ந்த கரி, நிலக்கரி மேல் மழை பட்டால் ஈரம் ஒட்டும்போதே வெப்பம் வெளிவரும். அதுவும் இதில் இல்லை. மாறாக, இறுக்கிக் குவித்த பெரிய குவியலின் நடுவே ஆக்சிஜன் தீர்ந்து, கணக்கு சொல்வதைவிடத் தாமதமாகலாம். அப்படிச் சூடேறி நிற்கும் குவியலைத் தோண்டிப் பிரித்தால், காற்று புகுந்த கணத்தில் அது பற்றிக்கொள்ளும்.