பிரிட்ஜ் ஏலத்தில் தடுமாறும் இடங்கள்: புதியவர்களுக்கு ஒரு செய்முறை

பிரிட்ஜ் கற்கத் தொடங்கும் எவருக்கும் முதலில் சீட்டு இறக்குவதுதான் கடினமாகத் தெரியும். ஆடிப் பழகியபின், முதல் சீட்டு மேசையில் விழுவதற்கு முன்பே பாதி ஆட்டம் ஏலத்தில் முடிந்துவிடுவது புரியும். பெரம்பூரில் ஞாயிறு மாலைகளில் என்னுடன் உட்கார்ந்து கற்றுக்கொள்பவர்களில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு, கல்லூரி மாணவர்களும் உண்டு. பெரும்பாலானோர் ரம்மியில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்றுதான்: "அண்ணே, மூன்று ஸ்பேட் வரை வந்துவிட்டோம். நான்கு கேட்கவா, பாஸ் சொல்லவா?"

இந்தக் கேள்விக்குப் புள்ளிகளை மட்டும் கூட்டிப் பதில் சொல்ல முடியாது. எத்தனை பிடி வரும், சரியாகக் கேட்டால் என்ன கிடைக்கும், தவறினால் என்ன போகும் என்ற மூன்றையும் சேர்த்துப் பார்ப்பவருக்கே முடிவு தெளிவாகும். அதை எப்படிச் செய்வது என்று கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

சில அடிப்படைகள் உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு 1 என்று ஒரு சீட்டுக்கட்டில் மொத்தம் 40 புள்ளிகள். நான்கு பேரும் ஆளுக்கொரு சீட்டு இறக்கி, அதில் உயர்ந்ததை இறக்கியவர் அள்ளிக்கொள்ளும் சுற்றைப் 'பிடி' என்று குறிப்பிடுகிறேன். ஒரு ஆட்டத்தில் 13 பிடிகள். ஒரு ஸ்பேட் என்று கேட்டால் ஏழு பிடிகள் எடுப்பதாக வாக்குக் கொடுக்கிறீர்கள். நான்கு ஸ்பேட் என்றால் பத்து. இப்படிக் கேட்ட இனமே அந்த ஆட்டத்தில் மற்ற இனங்களை வெட்டும் துருப்பு. ஸ்பேடிலோ ஆர்ட்டினிலோ ஏலத்தைத் தொடங்குபவரிடம் அந்த இனத்தில் ஐந்து சீட்டாவது இருக்கும் என்ற முறையில்தான் எல்லா உதாரணங்களும்.

படி 1: வரவு செலவை மனப்பாடம் செய்யுங்கள்

இன்றைய காண்ட்ராக்ட் பிரிட்ஜின் மதிப்பெண் முறையை 1925-இல் பனாமா கால்வாய் வழியாகச் சென்ற ஒரு கப்பல் பயணத்தில் வடிவமைத்தவர் அமெரிக்கரான ஹரால்ட் வாண்டர்பில்ட். நான்கு ஸ்பேட் போல வெகுமதி உள்ள பெரிய வாக்கைக் 'கேம்' என்பார்கள். கேட்டு எடுத்தால்தான் கேமுக்குரிய வெகுமதி. கேட்காமல் பத்துப் பிடி எடுத்தாலும் அது கிடைக்காது. ஏலத்தின் சங்கடம் முழுவதும் இந்த விதியிலிருந்து பிறக்கிறது.

நீங்கள் வல்னரபிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது அந்த ஆட்டத்தில் உங்கள் தரப்புக்கு வெகுமதியும் அதிகம், அபராதமும் அதிகம். நான்கு ஸ்பேட் கேட்டுப் பத்துப் பிடி எடுத்தால் 620. மூன்றோடு நிறுத்திப் பத்து எடுத்தால் 170. ஆக, நிறுத்தியதால் 450 இழப்பு. மறுபக்கம், ஒன்பது பிடிதான் வந்தது என்றால், மூன்றில் நின்றவருக்கு 140 வரவு, நான்கு கேட்டவருக்கு 100 செலவு. வித்தியாசம் 240 மட்டுமே. தவறினால் 240, பலித்தால் 450 என்னும்போது, பத்தில் நான்கு முறை பலிக்கும் கேமைக்கூட அணிப் போட்டியில் தயங்காமல் கேட்க வேண்டும்.

வல்னரபிள் இல்லாதபோது 420-க்கு எதிராக 170, 140-க்கு எதிராக 50 அபராதம். அதாவது வரவு 250, இழப்பு 190. இங்கே ஏறக்குறைய பாதி வாய்ப்பாவது வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். வல்னரபிள் என்றதும் அபராதத்தை நினைத்துப் பயந்து பாஸ் சொல்கிறார்கள். துணிய வேண்டிய இடமே அதுதான்.

படி 2: புள்ளிகளை எண்ணுங்கள், பிறகு அவற்றைச் சந்தேகப்படுங்கள்

நோ டிரம்பில் (துருப்பே இல்லாத ஆட்டத்தில்) மூன்று, ஸ்பேடிலோ ஆர்ட்டினிலோ நான்கு கேட்க, இரு கைகளிலும் சேர்த்து 25 புள்ளிகள் வேண்டும் என்பது பொது விதி. கிளாவரிலும் டைமனிலும் கேமுக்குப் பதினோரு பிடிகள் தேவைப்படுவதால், அந்த இனங்கள் பொருந்தினாலும் முதலில் மூன்று நோ டிரம்ப் வருமா என்று பாருங்கள்.

25 என்பது ஒரு சராசரி. கடினமான முடிவுகள் எல்லாம் 23, 24 என்ற எல்லைக்கோட்டில்தான் வருகின்றன. இந்த இடத்தில் சற்று நிதானமாக ஓர் உதாரணம் பார்ப்போம். பார்ட்னர் ஒரு ஸ்பேட் கேட்டார். நீங்கள் இரண்டு ஸ்பேட் என்று ஆதரவு சொன்னீர்கள். அவர் மூன்று ஸ்பேட் என்று அழைப்பு விடுக்கிறார். உங்கள் கை இது:

ஸ்பேட்: ராஜா, 8, 7, 4
ஆர்ட்டின்: ஏஸ், 9, 6, 3
டைமன்: 5, 2
கிளாவர்: 10, 7, 5

இதில் 7 புள்ளிகள். இதே ஏலத்தில் உங்களிடம் வேறொரு கை இருந்திருந்தால்:

ஸ்பேட்: 8, 6, 3
ஆர்ட்டின்: ராணி, ஜாக்கி, 5
டைமன்: ராணி, ஜாக்கி, 4
கிளாவர்: ராணி, 7, 6, 2

இதில் 8 புள்ளிகள். எட்டு பெரியது, ஏழு சிறியது என்று முடிவெடுத்தால் இரண்டு முறையும் தவறுவீர்கள். பார்ட்னரிடம் இப்படி 17 புள்ளிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ஸ்பேடில் ஏஸ், ராணி, ஜாக்கி, 9, 2, ஆர்ட்டினில் ராஜா, 5, டைமனில் ஏஸ், 8, 4, கிளாவரில் ராஜா, 6, 3.

முதல் கையோடு சேர்த்து எண்ணுங்கள். துருப்பில் ஐந்து பிடிகளும் நமக்கே. ஆர்ட்டினில் ஏஸும் ராஜாவும் இரண்டு. டைமன் ஏஸ் ஒன்று. ஒரு டைமனை விட்டுக்கொடுத்துவிட்டு, மூன்றாவது டைமனை நான்கு துருப்பு உள்ள கையில் வெட்டினால் இன்னொன்று. ஒன்பது வந்துவிட்டது. கிளாவர் ஏஸ், ராஜாவுக்கு முன் இறக்க வேண்டிய எதிராளியிடம் இருந்தால் பத்தாவது பிடியும் தயார். இரு கைகளிலும் சேர்த்து 24 புள்ளிகளே இருந்தும், குறைந்தது பாதி வாய்ப்பு உள்ள கேம் இது.

இரண்டாவது கையோடு 25 புள்ளிகள் ஆகின்றன. ஆனால் ஆர்ட்டின் ஏஸும் கிளாவர் ஏஸும் எதிராளிகளிடம். ஸ்பேட் ராஜாவும் டைமன் ராஜாவும் அவர்களிடமே. இரண்டு ஏஸ்களை இழப்பது உறுதி. மீதி இரண்டு மூன்று இடங்களில் ஒருசேர நல்லபடியாக அமைந்தால்தான் பத்து வரும். வெட்டுவதற்குக் குறுகிய இனம் எதுவுமில்லை, துருப்பும் மூன்றுதான்.

ஆகவே முதல் கையில் நான்கு ஸ்பேட் கேளுங்கள், இரண்டாவதில் பாஸ் சொல்லுங்கள். ஏஸ், ராஜா, நான்காவது துருப்பு, இரண்டு சீட்டே உள்ள இனம் ஆகியவை புள்ளிக் கணக்கில் தெரிவதைவிட அதிக மதிப்புள்ளவை. சிதறிக் கிடக்கும் ராணிகளும் ஜாக்கிகளும் துருப்பு ஆட்டத்தில் அந்த மதிப்பைத் தருவதில்லை; நோ டிரம்பில் ஓரளவு உதவும்.

படி 3: இந்த முடிவு யாருடையது?

ரம்மி ஆடிப் பழகியவர்களுக்கு மிகவும் சிரமமான படி இது. ரம்மியில் எல்லா முடிவும் உங்களுடையது. பிரிட்ஜில் பல முடிவுகள் பார்ட்னருடையவை, அவற்றைப் பிடுங்கிக்கொள்ளக் கூடாது.

கையின் வலிமையைக் குறுகிய எல்லைக்குள் சொல்லிவிட்டவர் யாரோ, அவருடைய பார்ட்னர்தான் தலைவர். நீங்கள் ஒரு நோ டிரம்ப் கேட்டு, அதற்கு 15 முதல் 17 என்று பொருள் வைத்திருந்தால், உங்கள் கை அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கை உங்களுக்குத் தெரியாது. அவர் நேராக நான்கு ஸ்பேட் கேட்டால், உங்களிடம் 17 இருந்தாலும் பாஸ்தான். அவர் இரண்டு நோ டிரம்ப் என்று கேட்டால், "என்னிடம் எட்டு ஒன்பது இருக்கிறது, நீங்கள் முடிவு செய்யுங்கள்" என்கிறார். அப்போது 17-க்கு மூன்று நோ டிரம்ப், 15-க்குப் பாஸ். 16 இருந்தால் மேலே சொன்ன சந்தேகத்தைப் பயன்படுத்துங்கள்: ஐந்து சீட்டு நீளமுள்ள நல்ல இனமும் 10, 9 போன்ற நடுச்சீட்டுகளும் இருந்தால் ஏறலாம்.

படி 4: எதிராளிகளும் கேட்கும்போது துருப்புகளை எண்ணுங்கள்

இரு தரப்பும் மாறி மாறி ஏறும் ஏலத்தில் புள்ளிக் கணக்கு அதிகம் உதவாது. 1960-களில் பிரெஞ்சுக்காரரான ழான் ரெனே வெர்ன் எடுத்துச் சொன்ன ஒரு கணக்கு இங்கே கைகொடுக்கும். நம் துருப்பில் ஆடினால் நாம் எடுக்கக்கூடிய பிடிகளையும், அவர்கள் துருப்பில் ஆடினால் அவர்கள் எடுக்கக்கூடிய பிடிகளையும் கூட்டினால், அது இரு தரப்பின் துருப்புச் சீட்டுகளின் கூட்டுத்தொகைக்கு ஏறக்குறைய சமமாக இருக்கும். துல்லியமான சூத்திரம் இல்லை என்றாலும் வியக்கத்தக்க அளவுக்கு நெருங்கி வரும்.

யாரும் வல்னரபிள் இல்லை. உங்கள் கை:

ஸ்பேட்: ஏஸ், ராஜா, 10, 8, 6, 3
ஆர்ட்டின்: 7
டைமன்: ராணி, 9, 4
கிளாவர்: ராஜா, 8, 5

நீங்கள் ஒரு ஸ்பேட், எதிராளி இரண்டு ஆர்ட்டின், பார்ட்னர் இரண்டு ஸ்பேட், அடுத்தவர் மூன்று ஆர்ட்டின். இப்போது உங்கள் முறை.

பார்ட்னரிடம் மூன்று ஸ்பேட் இருக்கும். உங்கள் ஆறோடு ஒன்பது. எதிராளிகளிடம் எட்டு ஆர்ட்டின் என்று கொள்வோம். கூட்டினால் 17. அவர்களுக்கு ஒன்பது பிடி வருமென்றால் நமக்கு எட்டு: அவர்களை விட்டால் 140 போகும், மூன்று ஸ்பேட் கேட்டு ஒன்று குறைந்தால் 50, அவர்கள் 'டபுள்' சொல்லி அபராதத்தை உயர்த்தினாலும் 100. அவர்களுக்கு எட்டுதான் என்றால் நமக்கு ஒன்பது: விட்டிருந்தால் 50 வரவு, கேட்டிருந்தால் 140. இரண்டு வழியிலும் கேட்பதே மேல். மூன்று ஸ்பேட் சொல்லுங்கள்.

இப்போது அந்த ஸ்பேட் மூன்றை எடுத்துவிட்டு ஆர்ட்டின் இரண்டை வையுங்கள். புள்ளி அதே 12. நம் துருப்பு எட்டாகிறது, மொத்தம் 16. அவர்களுக்கு ஒன்பது என்றால் நமக்கு ஏழுதான். டபுள் விழுந்தால் 300 போகும். ஆளுக்கு எட்டு என்றால் அவர்கள் மூன்று ஆர்ட்டினில் தோற்றுக் கொடுக்கும் 50-ஐ விட்டுவிட்டு நாம் 50 கட்டுவோம். எனவே பாஸ். ஒரே ஒரு சிறிய சீட்டு முடிவையே புரட்டிவிடுகிறது.

இதிலிருந்து கிடைக்கும் எளிய அளவுகோல்: போட்டி ஏலத்தில், இரு கைகளிலும் சேர்த்து எட்டுத் துருப்பு இருந்தால் இரண்டு வரை, ஒன்பது இருந்தால் மூன்று வரை, பத்து இருந்தால் நான்கு வரை.

படி 5: ஐந்தாம் மட்டத்தில் ஆசையை அடக்குங்கள்

நீங்கள் நான்கு ஸ்பேட் கேட்டீர்கள், எதிராளி ஐந்து டைமன் என்று ஏறுகிறார். அநேகம் பேர் கோபத்தில் ஐந்து ஸ்பேட் கேட்டுவிடுகிறார்கள். பதினோரு பிடிகள் வரும் என்பதற்குத் தெளிவான காரணம் இல்லாமல் அதைச் செய்யாதீர்கள். நீங்கள் வல்னரபிள், அவர்கள் இல்லை என்றால் டபுள் செய்து மூன்று பிடி குறைத்தால் 500, நான்கு குறைத்தால் 800. உங்கள் 620-ஐவிட 500 குறைவுதான். ஆனாலும் ஐந்து ஸ்பேட் கேட்டு ஒன்று குறைந்து 100 கட்டுவதோடு ஒப்பிட்டால் அந்த 500 நல்ல பணம். மேலே போகக் காரணமாக நான் ஏற்பது, டைமனில் ஒரு சீட்டும் இல்லாமல் துருப்பு நீளமாக உள்ள கையை மட்டுமே.

படி 6: முறை வருவதற்கு முன்பே யோசித்து முடியுங்கள்

விடியற்காலையில் காசிமேட்டு மீன் ஏலத்துக்குப் போகும் வியாபாரி, கூடைக்கு எந்த விலை வரை போவது என்பதை முன்பே மனதில் குறித்துக்கொள்வார். பிரிட்ஜிலும் அப்படித்தான். பார்ட்னர் ஒரு ஸ்பேட் கேட்டதுமே, "எதிராளி மூன்று ஆர்ட்டின் வரை வந்தால் என்ன செய்வேன், நான்கு வரை வந்தால் என்ன செய்வேன்" என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

இதற்கு இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. நெடுநேரம் தயங்கிப் பாஸ் சொன்னால், உங்களிடம் ஏதோ இருக்கிறது என்று பார்ட்னருக்குத் தெரிந்துவிடுகிறது. பிரிட்ஜ் விதிகளின்படி அந்தத் தயக்கத்தை அவர் பயன்படுத்தக் கூடாது. பயன்படுத்தினார் என்று தெரிந்தால் நடுவர் மதிப்பெண்ணை மாற்றலாம். குரல், முகபாவம், சீட்டை வைக்கும் வேகம் எல்லாவற்றுக்கும் இதே விதிதான். போட்டிகளில் வாயால் கேட்காமல் ஏலப் பெட்டியிலிருந்து அட்டை எடுத்து வைப்பதும் இதற்காகத்தான். வீட்டு மொட்டை மாடியில் நண்பர்களோடு ஆடினாலும் இந்த ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். பார்ட்னர் தயங்கினால், அவர் தயங்கவே இல்லை என்றால் என்ன கேட்டிருப்பீர்களோ அதையே கேளுங்கள்.

படி 7: பயிற்சி

நான்கு பேர் கூடும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டு பேரும் ஒரு சீட்டுக்கட்டும் போதும். ஆளுக்கு 13 சீட்டு எடுத்து, மீதியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எதிராளிகள் எப்போதும் பாஸ் சொல்வதாக வைத்து ஏலம் கேளுங்கள். முடிந்ததும் இரு கைகளையும் திறந்து பிடிகளை எண்ணி, கேட்ட அளவு சரியா என்று நோட்டுப் புத்தகத்தில் குறியுங்கள். திணறிய கைகளைத் தனிப் பக்கத்தில் முழுவதுமாக எழுதி வையுங்கள். அடுத்த வாரம் அதே கையில் ஒரே ஒரு சீட்டை மாற்றி மறுபடியும் கேளுங்கள். படி 2-இல் உள்ள முதல் கையில் கிளாவர் ஐந்துக்குப் பதிலாக டைமன் ஆறை வைத்துத் தொடங்கலாம். டைமன் இப்போது மூன்றாகிவிட்டதால் வெட்டுவது கடினம். கிளாவர் இரண்டாகக் குறைந்திருக்கிறது. பார்ட்னரின் 17 புள்ளிக் கையோடு வைத்து, கிளாவர் ஏஸ் முதலில் சாதகமான பக்கத்திலும் பிறகு எதிர்ப்பக்கத்திலும் இருப்பதாகக் கொண்டு எத்தனை பிடிகள் வருகின்றன என்று எழுதிப் பாருங்கள்.