வெயில் காலத்தில் முட்டைக்கோழித் தீவனத்தில் வைட்டமின் இ, சி கலப்பது எப்படி?

கொட்டகைக்குள் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கோழிகள் வாயைத் திறந்து இளைக்க ஆரம்பித்துவிடும். தீவனம் எடுப்பது குறையும், முட்டை குறையும், ஓடு மெலியும். நிழல், காற்றோட்டம், குளிர்ந்த தண்ணீர் மூன்றையும் முதலில் சரிசெய்யுங்கள். அதைச் செய்யாமல் வைட்டமினைக் கொட்டுவது வீண் செலவு.

வெப்பத்தில் உடலுக்குள் தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி ஈரல் செல்களைத் தாக்குகின்றன. மஞ்சள் கருவுக்கான புரதம் ஈரலில்தான் உருவாகிறது. ஈரலைக் காப்பது வைட்டமின் இ. வைட்டமின் சியைக் கோழியின் சிறுநீரகமே தயாரித்துக்கொள்ளும் என்றாலும் கடும் வெயிலில் அது போதாது.

1. எதை வாங்குவது

வைட்டமின் இ: 50 சதவீத டோகோபெரில் அசிடேட் தூள். எண்ணெய் வடிவம் வேண்டாம், தீவனத்தில் சீராகப் பரவாது.

வைட்டமின் சி: மேற்பூச்சு உள்ளது. வெறும் படிகத் தூள் தீவனத்தில் கலந்த பிறகு வேகமாகச் சிதைந்துவிடும்.

வைட்டமின் இயோடு சேர்ந்து வேலை செய்யும் தாதுவான செலினியத்தைத் தனியாக வாங்க வேண்டாம். பிரீமிக்ஸில் (வைட்டமின், தாதுக்கள் முன்கூட்டியே கலந்த தூள்) பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். கிலோ தீவனத்துக்கு 0.3 மி.கி. போதும், சில மில்லிகிராம் ஏறினாலே நஞ்சு. பை மேலுள்ள சீட்டைப் படித்துப் பாருங்கள்.

பலரும் குழம்பும் இடம் ஒன்று உண்டு. "ஆன்டிஆக்சிடன்ட் சேர்த்தது" என்று தீவனப் பையில் அச்சிட்டிருந்தால் அது பெரும்பாலும் பி.எச்.டி. (BHT) போன்ற செயற்கைப் பொருளாக இருக்கும். தீவனக் கொழுப்பு சிக்கடிக்காமல் காப்பது அதன் வேலை. வைட்டமின் இக்கு அது மாற்றாகாது.

2. கணக்கு

தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கும். வெப்ப அயர்ச்சிக்கு வைட்டமின் இ, சி இரண்டுமே கிலோ தீவனத்துக்கு 250 மி.கி. என்பது பரவலான அளவு. ஆனால் அது நன்றாகத் தின்னும் கோழிக்கானது. 110 கிராம் தின்றால் நாளுக்கு 27.5 மி.கி. உள்ளே போகும். வெயிலில் 90 கிராம்தான் தின்கிறது என்றால் 22.5 மி.கி.தான். ஆகவே அதே 27.5 மி.கி. போய்ச் சேர:

27.5 ÷ 0.09 = கிலோவுக்கு சுமார் 305 மி.கி.

உங்கள் கோழி எவ்வளவு தின்கிறது என்பதை ஊகிக்காதீர்கள். காலையில் போட்ட தீவனத்தையும் மறுநாள் காலை மீதியையும் எடை போட்டு, 3 நாள் சராசரி எடுங்கள். கீழே சிந்தியதையும் கழிக்க வேண்டும்.

அடுத்து, தூளின் சதவீதம். 305 மி.கி. என்பது சுத்தமான வைட்டமினின் அளவு. 100 கிலோ தீவனத்துக்கு அது 30.5 கிராம், 50 சதவீதத் தூளில் 61 கிராம். மேற்பூச்சு வைட்டமின் சி 97 சதவீதம் என்றால் 31.5 கிராம். வைட்டமின் சியின் இன்னொரு வடிவமான 35 சதவீத அஸ்கார்பில் பாஸ்பேட் கிடைத்தால் 87 கிராம் வேண்டும். சீட்டில் உள்ள சதவீதத்தைப் பார்க்காமல் எடை போட்டால் பாதி அளவுதான் போய்ச் சேரும்.

3. கலப்பது

1 கிராம் துல்லியமுள்ள டிஜிட்டல் தராசு கட்டாயம். கரண்டிக் கணக்கு வேண்டாம். இரண்டு தூள்களையும் முதலில் 1 கிலோ மக்காச்சோள மாவில் கலக்குங்கள். அதை 5 கிலோவிலும், பிறகு 20 கிலோவிலும், கடைசியில் முழுத் தீவனத்திலும் கலக்க வேண்டும். 92 கிராம் தூளை நேராக 100 கிலோவில் போட்டால் சில கோழிக்கு மொத்தமும் கிடைக்கும், சிலதுக்கு ஒன்றுமே கிடைக்காது. மண்வெட்டியைவிட டிரம் மிக்சர் எவ்வளவோ மேல்.

தாது உப்புக் கலவையோடு வைட்டமின் தூளைச் சேர்த்து வைக்கவே கூடாது. அதிலுள்ள செம்பும் இரும்பும் வைட்டமின் சியை அழித்துவிடும். தீவனத்தில் சேர்க்கும் இன்னொரு சத்தான கோலின் குளோரைடும் கடைசியில் தனியாகத்தான் போக வேண்டும். சிக்கடித்த தவிடு, பழைய எண்ணெய் இருந்தால் வைட்டமின் இ அதோடு போராடியே தீர்ந்துவிடும்.

நாளுக்கு 90 கிராம் வீதம் 100 கோழிகளுக்கு 100 கிலோ 11 நாள் வரும். அதற்கு மேல் சேர்த்துக் கலக்க வேண்டாம். பையைக் குளிர்ந்த, நிழலான இடத்தில் வையுங்கள்.

4. எப்போது

வைட்டமின் இ உடலில் சேர நேரமாகும், வெயில் உச்சத்துக்கு வருவதற்குச் சில வாரங்கள் முன்பே தொடங்குங்கள். வைட்டமின் சியை வெப்பம் ஏறும் சமயத்தில் சேர்த்தாலும் பலன் உண்டு. தீவனத்தை அதிகாலையிலும் மாலையிலும் போடுங்கள். மதியத்தில் செரிமானச் சூடும் சேர்ந்தால் கோழி தாங்காது.

பின்சேர்க்கை: தண்ணீரில் கொடுக்கலாமா?

வைட்டமின் சியைக் கொடுக்கலாம். 100 கோழிகளுக்கு நாளுக்கு 2.75 கிராம் படிகத் தூள். அதிகாலையில் 4 மணி நேரத்தில் குடித்து முடிக்கும் தண்ணீரில் மட்டும் கரையுங்கள். அந்தத் தண்ணீரில் குளோரின் இருக்கக் கூடாது. இரும்புக் குழாய் வழியாகப் போனாலும் சிதையும். தீவனத்திலும் தண்ணீரிலும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள்.

பின்சேர்க்கை 2: ஓடு மட்டும் சரியாகவில்லையே?

இளைப்பில் கார்பன் டை ஆக்சைடு அதிகம் வெளியேறுவதால் ஓட்டுக்கான பைகார்பனேட் குறைகிறது. வைட்டமின் இ அதைத் தீர்க்காது. உப்பில் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சமையல் சோடா, மாலைத் தீவனத்தில் பருமனான சுண்ணாம்புக்கல் துகள் ஆகியவற்றைப் பாருங்கள். தோல்முட்டை (கெட்டி ஓடில்லாத முட்டை) தொடர்ந்து வந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், நோயாகவும் இருக்கலாம்.