செயற்கைக்கோள் வழியில் இறங்கும்போது உயரம் எங்கிருந்து வருகிறது?

திசை காட்டும் வி.ஓ.ஆர்., ஓடுபாதைக்கு இறங்கும் பாதையைக் காட்டும் ஐ.எல்.எஸ். என்று தரையில் நிறுவிய வானொலிக் கருவிகளை மட்டுமே நம்பி விமானங்கள் இறங்கிய காலம் மாறிவருகிறது. ஐ.எல்.எஸ். வைக்க வசதியில்லாத சிறிய விமான நிலையங்களுக்கும் இப்போது ஜி.பி.எஸ். போன்ற செயற்கைக்கோள்கள் வழியே துல்லியமான இறங்குவழி கிடைப்பது பெரிய நன்மை. ஆனால் ஐ.எல்.எஸ். பழக்கத்தை அப்படியே இங்கும் கொண்டுவரும் விமானி ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்.

செயற்கைக்கோள் வழி என்றால் உயரமும் செயற்கைக்கோளிலிருந்தே வருகிறது என்று எண்ணுவதுதான் பெரிய தவறு. எல்.பி.வி. என்ற இறங்கு முறையில் அப்படித்தான், அமெரிக்காவின் வாஸ், ஐரோப்பாவின் இக்னோஸ், இந்தியாவின் ககன் போன்ற அமைப்புகள் ஜி.பி.எஸ். பிழையைத் திருத்தித் தருகின்றன. எல்நாவ்/விநாவ் என்ற மற்றொரு முறையிலோ, பெரும்பாலான பயணிகள் விமானங்களில் இறங்குசரிவைக் கணக்கிடுவது காற்றழுத்த உயரமானி. அதில் வைக்கும் கியூ.என்.எச். (கடல்மட்டத்துக்குக் கணக்கிட்ட அவ்விடத்துக் காற்றழுத்தம்) உண்மையைவிடக் கூடிவிட்டால் சரிவு முழுவதும் கீழே இறங்கிவிடும். திரையில் சரிவைக் காட்டும் குறியோ நடுவிலேயே நிற்கும்.

2022 மே மாதம் பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையத்தில் இதுவே நடந்தது. ஐ.எல்.எஸ். இயங்காததால் ஓர் ஏ320 செயற்கைக்கோள் வழியில் மழைமேகத்துக்குள் இறங்கியது. 1001 ஹெக்டோபாஸ்கலுக்குப் பதில் 1011 என்று கட்டுப்பாட்டாளர் சொல்லிவிட்டார். விமானம் ஏறக்குறைய 280 அடி தாழ்ந்து பறந்தது. ஓடுபாதை கண்ணில் படாததால் விமானிகள் மேலெழும்பினார்கள். அதற்குள் தரைக்கும் விமானத்துக்கும் இடையே எஞ்சியிருந்தது 6 அடி. ஓடுபாதைக்கு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் இருந்தது.

தூரத்தையும் உயரத்தையும் இறங்குவழி வரைபடத்திலுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டாலும் இந்தப் பிழை பிடிபடாது. ஒப்பிடும் உயரமும் அதே உயரமானியிலிருந்துதான் வருகிறது. எனவே கியூ.என்.எச். அளவை வானிலை ஒலிபரப்பு போன்ற இரண்டாவது மூலத்தோடு சரிபாருங்கள். தரையிலிருந்து உள்ள உயரத்தை நேரடியாக அளக்கும் ரேடியோ உயரமானியையும் கவனியுங்கள்.

கடுங்குளிரை மறப்பதும் இதே வகைத் தவறு. குளிர்ந்த காற்றில் விமானம் உயரமானி காட்டுவதைவிடத் தாழ்ந்தே பறக்கும். அதனால்தான் வரைபடத்தில் குறைந்தபட்ச வெப்பநிலை அச்சிடப்பட்டிருக்கிறது. அந்த வரியைப் படிக்காமல் தாண்டிப் போகாதீர்கள். 28 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய, விமானக் கணினியிலுள்ள வழித்தடத் தரவுத்தளம் காலாவதியாகிவிட்டதா என்பதைப் புறப்படும் முன்பே பார்த்துவிடலாம்.

தரைக் கருவிகள் இனி எதற்கு என்ற நினைப்பும் வேண்டாம். ஜி.பி.எஸ். சமிக்ஞையை முடக்குவதும், போலிச் சமிக்ஞை அனுப்பி விமானத்தின் இருப்பிடத்தையே மாற்றிக் காட்டுவதும் போர்ப் பகுதிகளை ஒட்டிய வான்வெளியில் நடந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்கா பல வி.ஓ.ஆர். நிலையங்களை மூடினாலும், இத்தகைய நாளுக்கென்றே ஒரு குறைந்தபட்ச வலையமைப்பை விட்டுவைத்திருக்கிறது. இறங்கத் தொடங்குமுன் அருகிலுள்ள வி.ஓ.ஆர்., தூரம் காட்டும் டி.எம்.இ. ஆகியவற்றின் அலைவரிசைகளை வைத்து, காட்டும் இருப்பிடம் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.