லித்தாப்ஸ்: சுருக்கத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாதீர்கள்

லித்தாப்ஸ், நடுவில் பிளவுள்ள ஒரு ஜோடித் தடித்த இலையோடு கூழாங்கல் போலவே தோன்றும் சிறு செடி. தென்னாப்பிரிக்கா, நமீபியாவின் வறண்ட கல்தரைகள்தான் அதன் ஊர். 1811இல் ஆங்கிலேயத் தாவரவியலாளர் வில்லியம் பர்ச்செல் கூழாங்கல் என்று நினைத்துக் கையில் எடுத்த பிறகுதான் அது செடி என்று அவருக்கே தெரிந்தது. அந்தக் கல்லை ஊட்டி மலர்க்கண்காட்சிக்கு வரும்போது வாங்கி, தை பிறப்பதற்குள் அழுகவிடுகிறவர்கள் இன்னும் குறையவில்லை. ஓட்டையில்லாத கோப்பையில் வைப்பவர்களைப் பற்றி இங்கே பேச்சில்லை.

இலை மாறும்போது தண்ணீர்

பூத்து முடிந்ததும் நடுப்பிளவுக்குள் புது இலை ஜோடி வளரத் தொடங்கும். அதற்கான நீரும் சத்தும் பழைய ஜோடியிலிருந்தே போகும். அதனால் பழையது தொளதொளத்துச் சுருங்கும். சுருங்கத்தான் வேண்டும். வாங்கியவர் அதைப் பார்த்து, "ஐயோ, வாடுதே" என்று ஒரு டம்ளர் ஊற்றிவிடுவார். மறுநாள் செடி கும்மென்று நிமிரும், அவருக்கும் பரம திருப்தி. உள்ளே நடப்பது வேறு: உப்பிய பழைய இலை வற்ற மறுக்கும், புதியது அதன் இடுக்கில் நசுங்கும். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஜோடி நிற்கும், இல்லையென்றால் இலையும் வேரும் சேரும் கழுத்தில் அழுகும்.

குன்னூர், கோத்தகிரியில் இது இன்னும் மோசம். இலை மாறும் காலத்தை ஒட்டியே வடகிழக்குப் பருவமழையும் வரும். மூடுபனியில் தொட்டி லேசில் காயாது. அப்போது கண்ணாடிக் கூரையின் கீழ், காற்றோட்டமாக வையுங்கள்.

பழைய இலை வெங்காயத்தோல் போலக் காய்ந்து, புது ஜோடியின் பக்கவாட்டில் மெல்லிய சுருக்கம் விழுந்தால் அதுதான் தாகம். அடியில் வழியும்வரை ஒருமுறை ஊற்றுங்கள். மறுபடி சுருக்கம் தெரியும்வரை தொடவேண்டாம்.

இரட்டை ஜோடி ஆகிவிட்டதா? வெட்டாதீர்கள், பிய்க்காதீர்கள். பழையது வற்றும்வரை சொட்டுத் தண்ணீர் கூடாது, மாதக்கணக்கானாலும் சரி.

தோட்டத்துச் செம்மண்

தேயிலைக்கு நல்லது, இதற்குக் களி. 2 முதல் 5 மில்லிமீட்டர் சிறுகல் மூன்று பங்கு, சலித்த மண் ஒரு பங்கு கலந்து நிரப்புங்கள். கல்லைக் கழுவித் தூசியை நீக்காவிட்டால் தொட்டியடியில் சிமென்ட் போல இறுகும். ஆணிவேர் நீளம் என்பதால் தொட்டி 10 சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும்.

உரம்

வேண்டாம்.

நிழல்

நிழலில் நெட்டையாக வளர்ந்த இலை திரும்பக் குறுகாது. வெயிலுக்கு மெல்ல மெல்லப் பழக்குங்கள், அடுத்த ஜோடி சரியாகும்.

உறைபனி

ஊட்டியின் தாழ்வான பகுதிகளில் மார்கழி, தை இரவுகளில் தொட்டியை வீட்டுக்குள் எடுங்கள். நனைந்த செடிதான் முதலில் கருகும்.