பனியன் கம்பெனி ஸ்டோரில் விசுவாசியாக வேலை செய்ய

திருப்பூரில் ஸ்டோர் வேலைக்குச் சேரும் நம் சபைத் தம்பி தங்கைகளுக்கு நான் முதலில் சொல்வது தராசைப் பற்றித்தான். சாயப்பட்டறையிலிருந்து துணி வந்ததும் டி.சி.யில் (துணியோடு வரும் டெலிவரி சலானில்) உள்ள எடையை அப்படியே ஏற்றாதீர்கள். நீங்களே எடை போடுங்கள். குறைந்தாலும் எழுதுங்கள், கூடினாலும் எழுதுங்கள். கூடுதலை மறைப்பதும் கள்ளத்தராசுதான். நீதிமொழிகள் 11:1 அதைக் கர்த்தருக்கு அருவருப்பு என்கிறது.

தீபாவளிக்கு சப்ளையர் கவர் நீட்டினால், "வேண்டாங்கண்ணா, எல்லாருக்கும் ஸ்வீட் கொடுங்க, போதும்" என்று அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுங்கள். பையில் வைத்துவிட்டால் அப்புறம் கொடுப்பது கஷ்டம்.

ஷிப்ட் கணக்கும் உங்கள் கையில் இருந்தால் அதில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஒன்றரை ஷிப்ட் பார்த்தவருக்கு ஒன்று என்று ஏறியிருந்தால், "அடுத்த வாரம் சேர்த்துக்கலாம்" என்று சொல்லாதீர்கள். சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பித்தான் வாடகையும் மளிகையும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்தவர்கள் மொழி தெரியாததால் கேட்காமலே போய்விடுவார்கள். அவர்கள் சீட்டை இரண்டு முறை பாருங்கள். பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடும் என்கிறது யாக்கோபு 5:4. கணக்கு எழுதும் நமக்கு அதைவிட நேரான எச்சரிக்கை இல்லை.

யாராவது தப்புச் செய்தால் தனியாக அழைத்துப் பேசுங்கள் (மத்தேயு 18:15). லைனில் எல்லார் முன்பும் சத்தம் போட வேண்டாம்.

ஜெபமா? சரி, டீ நேரத்தில் செய்யுங்கள். வேலை நேரத்துக்குச் சம்பளம் வாங்குகிறோம். வசனம் பேசுவதை, கூட வேலை செய்கிறவர்களே கேட்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.