எரர் 500 என்று மட்டும் வருகிறதா? பிஹெச்பி பிழைச் செய்தியைத் திரையில் வரவைப்பது எப்படி

மண்டபத்தில் மாமாவுக்கு ஒரு விசைப்படகு இருக்கிறது. கடைசி ஏழு நாள் டீசல் செலவை மீன்பாட்டின் எடையால் வகுத்து, கிலோவுக்கு எவ்வளவு ஆகிறது என்று காட்டும் சின்னப் பக்கம் ஒன்றை அவருக்காக பிஹெச்பி என்ற நிரல்மொழியில் எழுதினேன். நன்றாகத்தான் ஓடியது. ஏப்ரல் 15ஆம் தேதி தடைக்காலம் தொடங்கி ஒரு வாரம் ஆனதும் போன் வந்தது: "என்ன மாப்ள, உன் கணக்கு திறக்கவே மாட்டேங்குது?" திறந்து பார்த்தால் 'ஹெச்டிடிபி எரர் 500'. எந்த ஃபைல், எந்த வரி, என்ன தப்பு, ஒரு விவரமும் இல்லை.

காரணம் பிஹெச்பிக்குத் தெரியும். திரையில் காட்டாதே என்று அதன் அமைப்பில் எழுதியிருப்பதால் பேசாமல் இருக்கிறது. அந்த அமைப்பை மாற்றுவோம். உங்கள் சொந்த லேப்டாப்பில் மட்டும் செய்யுங்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

உபுண்டு 24.04, அப்பாச்சி (வெப் சர்வர்), பிஹெச்பி 8.3 இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தருகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள்.

முதலில், எந்த ஃபைலைத் திருத்துவது என்று கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேர் இங்கேதான் வழுக்குவார்கள். பிஹெச்பியின் அமைப்பு இருப்பது பிஹெச்பி.ஐஎன்ஐ ஃபைலில்; ஒரே கணினியில் அந்தப் பெயரில் இரண்டு மூன்று ஃபைல்கள் இருக்கும்: டெர்மினலுக்கு சிஎல்ஐ ஃபோல்டரில் ஒன்று, அப்பாச்சிக்கு அப்பாச்சி2 ஃபோல்டரில் ஒன்று. டெர்மினலில் கேட்டால் அது தன்னுடையதைத்தான் காட்டும். அதனால் பிஹெச்பிஇன்ஃபோ ஃபங்ஷனை மட்டும் அழைக்கும் ஒரு ஃபைலை எழுதி பிரவுசரில் திறங்கள். 'லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்' என்ற வரியில் இருப்பதுதான் நமக்கு வேண்டிய முகவரி. பெரும்பாலும் /இடிசி/பிஹெச்பி/8.3/அப்பாச்சி2/பிஹெச்பி.ஐஎன்ஐ என்று இருக்கும். பார்த்ததும் அந்தச் சோதனை ஃபைலை அழித்துவிடுங்கள்.

அடுத்து, அந்த ஐஎன்ஐ ஃபைலை சூடோ (நிர்வாகி அனுமதி) போட்டு நானோ எடிட்டரில் திறந்து, கன்ட்ரோல் டபிள்யூ அழுத்தி 'டிஸ்ப்ளே_எரர்ஸ்' என்று தேடுங்கள். முதலில் அகப்படுவது அரைப்புள்ளியுடன் தொடங்கும் வெறும் குறிப்பு. அதை மாற்றி ஒரு பயனும் இல்லை. நான் ஒரு முறை அதைத் திருத்திவிட்டு அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மேலும் தேடிக் கீழே போனால் அரைப்புள்ளி இல்லாத வரி வரும்:

டிஸ்ப்ளே_எரர்ஸ் = ஆஃப்

இந்த ஆஃப்-ஐ ஆன் ஆக்குங்கள். பக்கத்திலேயே 'எரர்_ரிப்போர்ட்டிங்' இருக்கும். அதற்கு இ_ஆல் என்று கொடுங்கள். இந்த மதிப்பு மட்டும் பெரிய எழுத்தில். கன்ட்ரோல் ஓ, என்டர், கன்ட்ரோல் எக்ஸ்.

அப்புறம் ரீஸ்டார்ட்: சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் அப்பாச்சி2. இதை மறந்தால் பழைய அமைப்பே ஓடும். அப்பாச்சிக்குப் பதில் எஞ்சின்எக்ஸ் வைத்திருந்தால் திருத்த வேண்டியது எஃப்பிஎம் ஃபோல்டரில் உள்ள ஃபைல்; ரீஸ்டார்ட் செய்ய வேண்டியதும் பிஹெச்பி8.3-எஃப்பிஎம்.

இப்போது பக்கத்தைத் திறந்தேன். 'ஃபேட்டல் எரர்: அன்காட் டிவிஷன்பைஜீரோஎரர்', கூடவே ஃபைலின் பெயர், 14ஆம் வரி. விசைப்படகுகள் கரையில் கிடக்கும் 61 நாள் அது. ஏழு நாள் மீன்பாடு சுழியம், சுழியத்தால் வகுக்கச் சொல்லியிருக்கிறேன். எடை சுழியமானால் 'பாடு இல்லை' என்று காட்ட ஓர் இஃப் போட்டேன், சரியாகிவிட்டது. கடல்கரையில் பிறந்தவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்!

ஐஎன்ஐ பக்கமே போகாமல், நிரல் ஃபைலின் தலையில் ஐஎன்ஐ_செட் என்ற ஃபங்ஷனை எழுதி ஆன் செய்யலாமே என்பார்கள். செய்யலாம். ஆனால் அதே ஃபைலில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தால் நிரலே ஓடத் தொடங்காது, பிறகு ஐஎன்ஐ_செட் எங்கே ஓடுவது? அப்போது டெர்மினலில் பிஹெச்பி என்று தட்டி, இடைவெளி விட்டு -எல், பிறகு ஃபைல் பெயர் கொடுங்கள். தப்பான வரியையோ அதற்கு அடுத்த வரியையோ சொல்லிவிடும்.

சரி, ஊர் பார்க்கும் சர்வரில் ஏன் கூடாது? பிழைச் செய்தியில் ஃபோல்டர் முகவரி இருக்கும், டேட்டாபேஸ் பயனர் பெயர் இருக்கும், பழைய பிஹெச்பி பதிப்புகளில் பாஸ்வேர்டு கூட வந்து நிற்பதுண்டு. இன்னொரு சிக்கல், டிஸ்ப்ளே ஆன் ஆக இருந்தால் ஃபேட்டல் எரருக்கும் பெரும்பாலும் 500க்குப் பதில் 200, அதாவது 'எல்லாம் சரி' என்றே பதில் போகும். தளம் நலமா என்று பார்க்கும் கருவி ஏமாந்துபோகும்.

அங்கே டிஸ்ப்ளே_எரர்ஸ் ஆஃப், லாக்_எரர்ஸ் (பிழையை ஃபைலில் எழுதிவைக்கும் அமைப்பு) ஆன். பிறகு சூடோ டெயில் -எஃப் /வார்/லாக்/அப்பாச்சி2/எரர்.லாக் என்று தட்டி டெர்மினலைத் திறந்தே வைத்துவிட்டு, போனில் பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். திரையில் வந்த அதே செய்தி இங்கே, நேரத்தோடு, உங்கள் கண்ணுக்கு மட்டும் வந்து விழும்.