மும்பைத் திரில்லர் நாயகனின் இடுப்பில் எந்தத் துப்பாக்கி?

நீங்கள் எழுதும் கதையில், மும்பையின் சயான் கோலிவாடாவில் வளர்ந்த தமிழ் நாயகன் ஒருவனுக்குத் துப்பாக்கி தேட வேண்டுமென்றால், வெளிநாட்டுத் துப்பாக்கிப் படங்களைப் புரட்டுவதைத் தள்ளிவையுங்கள். அவன் என்ன வேலை பார்க்கிறான், மே மாதத்தில் என்ன சட்டை போடுகிறான் என்ற இரண்டையும் முதலில் முடிவு செய்யுங்கள். துப்பாக்கி அதிலிருந்தே வந்துவிடும்.

நம் நாட்டில் 9 மி.மீ. பாராபெல்லம் தோட்டா தடைசெய்யப்பட்ட ரகம். மத்திய அரசின் தனி அனுமதி இல்லாமல் குடிமக்கள் அதை வைத்துக்கொள்ள முடியாது. எனவே மாட்டுங்கா நகைக்கடைக்காரர் இடுப்பிலிருந்து 9 மி.மீ. க்ளாக் பிஸ்டலை உருவினால், அது அவரிடம் எப்படி வந்தது என்பதற்கே ஓர் அத்தியாயம் எழுத வேண்டியிருக்கும். உரிமம் பெற்றவருக்குப் பொருந்துவது .32, அதாவது சுமார் 0.32 அங்குலத் தடிமனுள்ள தோட்டா. அரசு ஆயுதத் தொழிற்சாலைகளின் .32 ரிவால்வர் (சுழலும் சிலிண்டரில் தோட்டா இருக்கும்), 'அஷானி' என்ற .32 பிஸ்டல் (கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் தோட்டா இருக்கும்), 2014இல் வந்த சுமார் 500 கிராம் எடையுள்ள 'நிர்பீக்' ரிவால்வர் ஆகியவை இந்த வகை. நாயகன் போலீஸ்காரன் என்றால் மேற்கு வங்கத்தின் ஈஷாபூரில் தயாராகும் 13 தோட்டா கொள்ளும் 9 மி.மீ. பிஸ்டலைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அது முழு அளவுப் பிஸ்டல். மப்டியில், மெல்லிய பருத்திச் சட்டைக்குள் மறைப்பது கஷ்டம்.

துப்பாக்கியைக் காட்டிக்கொடுப்பது குழல் என்று பலர் நினைக்கிறார்கள். குழல் பேன்ட்டுக்குள் இறங்கிவிடும். வெளியே துருத்துவது கைப்பிடிதான். குனிந்தால், உட்கார்ந்தால், மேலே உள்ள கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினால், சட்டைக்குள் ஒரு மூலை முட்டும். அதனால்தான் மறைத்து வைப்பதற்கென்றே செய்த பிஸ்டல்களில் கைப்பிடியைக் குட்டையாக்குகிறார்கள். க்ளாக் 26இல் 10 தோட்டாதான். சுண்டுவிரலுக்குப் பிடி கிடைக்காது. ரிவால்வரில் கைப்பிடியோடு சிலிண்டரின் தடிமனும் சேர்ந்து உறுத்தும். சிறிய துப்பாக்கி கையில் அதிகம் உதைக்கும், குறி பார்க்கும் தூரமும் குறையும். தாதர் பாலத்தின் மேலிருந்து கீழே பிளாட்பாரத்தில் ஓடுபவனை நாயகன் ஒரே தோட்டாவில் வீழ்த்தக் கூடாது. அறைக்குள், மாடிப்படியில், ஏழெட்டு மீட்டருக்குள் மோதலை வையுங்கள்.

இதை உடம்பால் உணர ஒரு வழி உண்டு. .32 ரிவால்வர் சுமார் 700 கிராம், ஏறத்தாழ 18 செ.மீ. நீளம். அந்த நீளத்துக்கு ஒரு துணிப்பையைத் தைத்து, 700 கிராம் துவரம் பருப்பை நிரப்பி, பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டு வீட்டிலேயே ஒரு நாள் இருந்து பாருங்கள். சாதாரண பெல்ட் ஒரு பக்கமாகத் தொய்யும். தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் விலாவில் குத்தும். எழுந்ததும் கை தானாக அங்கே போய்த் தொட்டுப் பார்க்கும். அனுபவமுள்ள போலீஸ்காரர்கள் கண்டுபிடிப்பது அந்தத் தொடுதலைத்தான். கதையில் அதற்கு இடம் கொடுங்கள்.

மும்பை வேறு சிலவற்றையும் சேர்க்கும். காலை நேர லோக்கலில் பத்து உடம்புகள் நசுக்கும்போது பக்கத்தில் நிற்பவன் இடுப்பில் அந்த இரும்பை உணர்வான். ஜூன் மழையில் சட்டை ஒட்டிக்கொண்டால் வடிவம் அப்படியே தெரியும். வியர்வை உப்பும் கடல் காற்றும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். தினமும் துடைத்து எண்ணெய் போடாதவன் கவனக்குறைவானவன் என்று அந்த ஒரு விவரமே சொல்லிவிடும். 2008 நவம்பர் தாக்குதலுக்குப் பிறகு பெரிய ஹோட்டல்களிலும் மால்களிலும் வாசலிலேயே சோதனை. மெட்ரோவிலும் பை ஸ்கேனருக்குள் போகும். ஆகவே அவன் துப்பாக்கியை எங்காவது விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். யாரிடம் விட்டான் என்பதிலிருந்து நல்ல காட்சி பிறக்கும். தேர்தல் நேரத்தில் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லும் உத்தரவு வருவதுண்டு. நாயகனை வெறுங்கையோடு நிறுத்த இதைவிட நியாயமான வழி இல்லை.

இனி, அடிக்கடி நடக்கும் பிழைகள். ரிவால்வர் சுட்டதும் காலித் தோட்டாக் கூடுகளை வெளியே எறியாது; அவை சிலிண்டரிலேயே இருக்கும். பிஸ்டல்தான் எறியும். தரையில் கிடக்கும் கூடு துப்பறிபவருக்குத் தடயமாக வேண்டுமென்றால் பிஸ்டலைக் கொடுங்கள், கூடு கிடைக்கக் கூடாதென்றால் ரிவால்வர். நம் வழக்கமான .32 ரிவால்வரில் சிலிண்டர் பக்கவாட்டில் திறக்காது. நடுவில் மடிந்து குழல் கீழே சாயும், ஆறு கூடுகளும் ஒன்றாக வெளியே தள்ளப்படும். ரிவால்வர் தோட்டாவும் பிஸ்டல் தோட்டாவும் .32 என்றே அழைக்கப்பட்டாலும் ஒன்றல்ல. ரிவால்வர் தோட்டா நீளமானது, அஷானியின் மேகசினில் ஏறாது. 'அண்ணே, உங்ககிட்ட ஆறு இருந்தா குடுங்க' என்று கேட்டு வாங்கியவன் கையில் பயனற்ற தோட்டாக்கள் இருப்பது அருமையான நெருக்கடி.

க்ளாக்கில் வெளியே தெரியும் ஹாமர் (துப்பாக்கியின் பின்னால் இருக்கும் சுத்தியல்) கிடையாது. 'ஹாமரைப் பின்னுக்கு இழுத்தான்' என்று எழுதினால் விஷயம் தெரிந்தவர் புத்தகத்தை மூடிவிடுவார். வழக்கமான மாடல்களில், தவறிச் சுடாமல் தடுக்கக் கட்டைவிரலால் தள்ளும் சேஃப்டியும் இல்லை, அது விசையிலேயே இருக்கிறது. ரிவால்வருக்குச் சைலன்சர் மாட்டாதீர்கள்: சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள இடைவெளி வழியே சத்தம் கசியும். ரஷ்யாவின் பழைய நாகான் 1895 மட்டும் விலக்கு. சுடும்போது அதன் சிலிண்டர் முன்னே நகர்ந்து அந்த இடைவெளியை அடைத்துவிடும். பிஸ்டலில் மாட்டினாலும் 'புஸ்' என்று ஊதாது. பக்கத்து அறைக்கு நன்றாகவே கேட்கும். சைலன்சர் இல்லாமல் சிறிய அறைக்குள் சுட்டால் காது அடைத்துப்போகும். அடுத்த வரியிலேயே இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொள்ள முடியாது.

ஹாமரைக் கட்டைவிரலால் இழுத்து வைத்த ரிவால்வரின் விசை லேசாகப் போகும். இழுக்காமல் நேரே விசையை அழுத்தினால் நீண்ட, கனமான இழுப்பு; நடுங்கும் கையில் குறி விலகும். பதற்றத்தில் முதல் தோட்டாவை அவன் தவறவிட இது போதும். பிறகு கையெழுத்துப் பிரதியின் ஓரத்தில் மீதி ஐந்து என்று எழுதிவையுங்கள். ஒவ்வொரு வெடிக்கும் அந்த எண்ணைத் திருத்திக்கொண்டே போங்கள்.